மிதிக்க மிதிக்கக் கிளம்பாது

கடைத்தெருவில் அவனுக்குக் கிக்கர் என்று பெயர். எத்தனை மாதம் தூங்கிய பைக்காக இருந்தாலும் அவன் ஏறி ஒரு மிதி மிதித்தால் உறுமும். எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தந்த வித்தையல்ல. கை கருக்கச் சம்பாதித்தது. அப்பேர்ப்பட்டவன் அன்று ஏழு மாதப் பிள்ளையிடம் திணறிக்கொண்டிருந்தான்.

மனைவிக்கு மருந்துக்கடையில் முதல் நாள். "மத்தியானம் வந்து பாப்பேன். புள்ள அழுது துவண்டு கிடந்தா, அதோட வேலைக்கு முழுக்குதான்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அந்த வேலைக்கு அவள் எவ்வளவு ஏங்கினாள் என்று அவனுக்குத் தெரியும்.

"பத்து இன்ஜினை மேய்க்கிறவன் நான். ஒரு பொடியன் எனக்கு எம்மாத்திரம்?" என்று வீறாப்பாக அனுப்பி வைத்திருந்தான்.

அவனுடைய பைக் பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. பிள்ளை சிணுங்கியதும் சாவிக்கொத்தை ஆட்டினான். சிரித்தது. அதோடு விட்டானா? தூக்கிப் போட்டுப் பிடித்தான், செல்போனில் பாட்டை அலறவிட்டான், விசிலடித்தான். பிள்ளை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியது. இவனும் அந்தப் பக்கம் போய்ச் சாவியை ஆட்டினான். விக்கல் எடுத்தது. முதுகை வில்லாக வளைத்து, விரல்களை விரித்துக்கொண்டு வீரிட்டது. இன்னும் வேகமாக ஆட்டினான்.

பட்டறை வெல்டர் எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, வண்டி கிளம்பலையா?"

"போடா, உன் பொழப்பைப் பாரு."

"மிதிச்சது போதும்ணே. பெட்ரோல் வழியுது."

கிண்டல்தான், ஆனாலும் சுருக்கென்று தைத்தது. பெட்ரோல் அடைத்துக்கொண்ட இன்ஜினை மிதித்தால் இன்னும்தான் அடைக்கும். கொஞ்ச நேரம் கைவைக்காமல் விட வேண்டும்.

பாட்டை நிறுத்தினான். ஜன்னல் கதவை ஒருக்களித்தான். பிள்ளையைத் தோளில் சாய்த்து, அசையாமல் உட்கார்ந்தான். காதோரம் அலறல் குறையவே இல்லை. அவள் வரும் நேரம் நெருங்கிவிட்டது. சும்மா இருப்பதைப் போலக் கஷ்டமான வேலையை அவன் பார்த்ததே இல்லை.

மெல்ல மெல்ல அழுகை விட்டு விட்டு வந்தது. விரல்கள் மடங்கின. பிறகு தலை தானாகத் திரும்பி, ஈரக் கண்கள் அவனைப் பார்த்தன. அவன் கை சாவிக்குப் போனது, இழுத்துக்கொண்டான். பிள்ளை பார்வையை விலக்கியது. அதன் போக்கில் விட்டான். திரும்பவும் பார்த்தது. லேசாகச் சிரித்தான், அவ்வளவே.

"என் தங்கம்," என்று கைநீட்டியபடி அவள் ஓடிவந்தாள். உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினான்.

"மெதுவா. அவனே பாக்கட்டும்."

நின்றாள். பிள்ளை பார்த்தது, கைகளை நீட்டியது. மடியில் போட்டுப் பாலூட்டினாள்.

"ரொம்ப அழுதானா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவன் விழுங்கிக்கொண்டான். "அழுதான். நான்தான் போட்டுப் படுத்திட்டேன். இப்ப பிடிபட்டுடுச்சு."

பிள்ளையின் சீரான மூச்சையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பால் குடித்து முடித்ததும் அவன் தோளுக்கே மாற்றிவிட்டு எழுந்தாள்.

"சாப்பாட்டுக்கு மூடின கடையைத் திறந்திருப்பாங்க. சாயங்காலம் வரேன்."