பச்சை தெரிந்தும் திறக்காத படல்: மேச்சேரிக்கு ஒரு மண் பயணம்

பனமரத்துப்பட்டிப் பக்கம் அண்ணனுக்கும் எனக்கும் பொதுவாக மூன்று ஏக்கர் மேய்ச்சல் காடு. ஐந்து மாடுகள் மேய்ந்து மேய்ந்து தார் ரோடு மாதிரி இறுகிவிட்டது. இந்த மழைக்கும் புல் வராவிட்டால் உழுது மரவள்ளி போடுவதாக அண்ணன் சொல்லிவிட்டார். உழுதால் மண்ணில் மிச்சமிருக்கும் கார்பனும் காற்றோடு போய்விடும் என்றேன். "கார்பனையா மாடு திங்கும்?" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, மேச்சேரியில் தெரிந்தவர் ஒருவரின் மேய்ச்சல் காட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் காலை ஆறரைக்குப் பஸ். ஓமலூர் வழியாக முப்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து காட்டுக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய்.

"மாடு வாங்கவா போறீங்க?"

"இல்லைங்க, புல்லு பாக்க."

ஆட்டோக்காரர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

காட்டின் சொந்தக்காரர் செல்வியைக் கால்நடைப் பயிற்சி முகாமில் பார்த்த பழக்கம். என் வயதுதான் இருக்கும். நான்கு ஏக்கரைக் கிளுவை வேலியால் நான்காகப் பிரித்து, ஒன்றில் மேயும்போது மற்ற மூன்றுக்கும் ஓய்வு கொடுக்கிறார். நான் போனபோது மழை பெய்து நான்கு நாள். காடு முழுக்க விரல் உயரத்துக்குப் பச்சை. மாடுகளோ வேலி வாசலில் கட்டிய மூங்கில் படலுக்கு வெளியே சோளத்தட்டைச் சீண்டாமல் கத்திக்கொண்டிருந்தன.

"பாவமா இல்லீங்களா?" என்றேன்.

"பாவந்தானுங்க. ஒரு வருசம் மனசு கேக்காம, பச்ச தெரிஞ்ச மறுநாளே தொறந்து உட்டுட்டனுங்க. அந்தா பாருங்க." அவர் காட்டிய மூலை இன்னும் மொட்டையாகக் கிடந்தது. "மாடு கத்துது, காதுல உழுவுது. புல்லு கத்தாதுங்களே."

நான் படித்ததெல்லாம் அங்கேதான் புரிந்தது. புல் காற்றிலிருந்து கார்பனை இலை வழியாக எடுத்து வேர் வழியாக மண்ணுக்குள் இறக்குகிறது. இளம் இலையைக் கடித்துவிட்டால் வேரும் சுருங்கும், கார்பன் இறங்காது. மேயவே விடாவிட்டாலும் புல் முற்றி, நின்றபடியே காய்ந்து வீணாகும். வளர்ந்தபின் மேய்ந்து, சாணி போட்டு, நகர வேண்டும். கார்பன் சேரச் சேர மண் பொதபொதவென்று ஆகித் தண்ணீரைப் பிடித்துவைக்கும். மாடு கார்பனைத் தின்னாது, அது பிடித்துவைத்த ஈரத்தில் முளைப்பதைத் தின்னும். செல்வி கடப்பாரையைப் போட்டார், ஒரு சாண் இறங்கியது. எங்கள் காட்டில் நெருப்புப் பொறிதான் வரும். எனக்குப் பொறாமையாக இருந்தது.

"எத்தன கார்பன் ஏறுச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. மண்ணு பரிசோதனைல கொஞ்சம் கூடியிருக்குன்னாங்க. மெதுவாத்தான் ஏறுமாமுங்க" என்றார் செல்வி.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் போன் செய்தார். "நம்ம காட்லயும் பச்ச வந்துருச்சுடா. மாடு கத்துது, தொறந்து உடட்டுமா?"

"வேண்டாண்ணா."

"பட்டினி போடச் சொல்றியா?"

"வைக்கோல் ஏத்திக்கிட்டு வாரேன். படல மட்டும் தொறக்காத."

அவர் போனை வைத்துவிட்டார்.

போக நினைப்பவர்கள் மழைக்குப் பிந்தைய வாரத்தில் போங்கள், கோடையில் ஒன்றும் தெரியாது. செல்வியிடம் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு, வெயில் ஏறுமுன் போய்ச் சேருங்கள். உங்கள் காட்டில் இதைச் செய்வதாக இருந்தால் முதலில் ஒரு மாதத் தீவனத்துக்கு வழி பண்ணுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாளே மனசு இளகிவிடும்.

எங்கள் காட்டையும் வேலியால் பிரித்தாயிற்று, படலைச் சாத்தி இப்போது ஐந்தாவது வாரம். புல் முழங்காலைத் தொடுகிறது. அண்ணன் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை, ஆனால் டிராக்டர்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். நாளைக் காலை முதல் பகுதியைத் திறக்கிறோம். படலை அவரே அவிழ்க்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.