அப்பாவின் இடது கன்னம்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு பத்துக்கு எங்கள் மயிலாப்பூர் வீட்டு டிவியில் பளாரென்று அந்த அறைச் சத்தம் கேட்டது. அலுவலகப் பயிற்சியில் கொடுத்த பழைய நகைச்சுவைப் படக் கேசட்டை என் மகன் ரவி போட்டிருந்தான். முதலாளி குமாஸ்தாவைக் கன்னத்தில் அறைகிறார். குமாஸ்தா இளிக்கிறான். அடுத்த காட்சியில் அவன் மேனேஜர்.

“இதாம்மா பாடம். மேல இருக்கறவங்க கோவத்தைச் சிரிச்சுக்கினே வாங்கிக்கணும். எங்க மேனேஜர் ஃபைலை என் மூஞ்சில வீசினாரில்ல? நாளைக்கு நானே போய் சாரி சொல்லப் போறேன்.”

ஒட்டுமீசை வைத்த அந்தக் குமாஸ்தா என் அப்பா.

நாற்பதுகளில், கோடம்பாக்கம் ஸ்டுடியோவில், அம்மாவின் மடியில் உட்கார்ந்து அந்தக் காட்சியை எடுப்பதைப் பார்த்தேன். விளக்குச் சூட்டில் அப்பாவின் முகப்பூச்சு உருகி, எண்ணெய் வாடை அடித்தது. அப்போதெல்லாம் படம் பிடிக்கும்போதே சத்தத்தையும் கூடவே பதிவு செய்வார்கள். அதனால் அடி நிஜம்.

“சத்தம் பத்தல, இன்னொரு தபா!” என்று ஒலிப்பதிவாளர் கத்திக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் அப்பா வியர்வையைத் துடைத்துவிட்டு அதே கன்னத்தைக் காட்டினார். படக் கம்பெனிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா இடப்பக்கம் நின்று கூப்பிட்டாள். அப்பா திரும்பவில்லை.

அவரை யாரும் மேனேஜர் ஆக்கவில்லை. அடுத்த படத்துக்கும் அடி வாங்கத்தான் கூப்பிட்டார்கள். இதைப் பாடமாக்கியவன் ஒரு அறைகூட வாங்கியிருக்க மாட்டான்.

ரவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் கேசட்டைப் பின்னால் ஓட்டி, அந்த அறையை மறுபடி போட்டான். அப்போது அப்பா கோயிலிலிருந்து வந்தார். இப்போது அவருக்கு இரண்டு காதும் கேட்காது. திரையையே பார்த்தவர், பேரனிடம் குனிந்து கேட்டார்:

“சத்தம் நல்லா வுழுந்துகீதா, நைனா?”