ஒற்றைப் பட்டைக்காரரின் தகர டின்

திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது கோலியனூரிலிருந்து போன் வந்தது. ஏழுமலையின் மனைவி. "அவரு போய்ட்டாருண்ணே. காத்தால காப்பி குடிச்சிக்கினு இருந்தாரு, அப்டியே சாஞ்சிட்டாரு" என்றார். விழுப்புரம் பஸ்ஸில் எப்படி ஏறினேன் என்றே தெரியவில்லை.

ஏழுமலை என்னைவிட வயதிலும் சர்வீஸிலும் இளையவர். ராணுவத்தில் ஒன்றாக இருந்தோம். ஆனாலும் 'அவர்' என்றுதான் எனக்கு எழுத வருகிறது. அதற்குக் காரணம் ஒரு பனிப் பகல்.

வடக்கே, மலை உச்சியில் எங்கள் காவல் சாவடி. எங்களை நடத்திய ஹவில்தாருக்கு மூச்சுத் திணறல் வந்து, ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். அவருக்கு அடுத்த நாயக் லீவில் இருந்தார். மிச்சமிருந்தவர்களில் சட்டைக் கையில் பதவிப் பட்டை வைத்திருந்தவர் ஏழுமலை மட்டும்தான். அதுவும் ஒற்றைப் பட்டை, புத்தம்புதுசு. சாவடியை அவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து நாங்கள் சிரித்தோம்.

அந்த வாரமே நானும் இன்னொருவரும் கீழ்ச் சாவடிக்குப் போய்த் திரும்பும்போது பனிப்புயல் பிடித்துக்கொண்டது. நீட்டிய கை தெரியவில்லை. ஒரு பக்கம் பள்ளம். எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை.

சாவடியில் நடந்ததைப் பிறகு தெரிந்துகொண்டேன். சீனியர்கள் எங்களைத் தேடிக் கிளம்பியிருக்கிறார்கள். ஏழுமலை வாசலை மறித்திருக்கிறார். "நேத்து பட்டை வாங்கின பய, எனக்கே ஆர்டர் போடுறியா?" என்று கத்தியிருக்கிறார் ஒரு மதுரைக்காரர்.

"திட்டுங்கண்ணே, அப்பறமா அடிக்கக்கூட அடிங்க. யாரும் வெளிய போவாதீங்க. ரெண்டு பேரத் தேடி நாலு பேரத் தொலைக்க என்னால ஆவாது."

சொல்லிவிட்டு, காலி மண்ணெண்ணெய் டின்னையும் கரண்டியையும் எடுத்து வாசலில் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்துவிட்டார்.

சத்தம் எனக்குக் கேட்டது. காதுக் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தாளம் பிடிபட்டது. இரண்டு தட்டி ஒரு நிறுத்தம். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, விதைத்த கொல்லையில் காக்கா ஓட்டுகிற தட்டு! எங்கள் ஊர் கிளியனூரில் நானும் தட்டியிருக்கிறேன். காக்காயே இல்லாத உயரத்தில் எங்கள் பக்கத்து ஆளான ஏழுமலையைத் தவிர வேறு யார் அப்படித் தட்டுவார்கள்? கூட வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தத்தை நோக்கி நடந்தேன். நாங்கள் உள்ளே நுழைந்ததும் ஏழுமலையைக் கட்டிப்பிடித்து அழுதவர் அந்த மதுரைக்காரர்தான்.

பிற்பாடு ஏழுமலை சுபேதாராக உயர்ந்து ஓய்வு பெற்றார். ஆனால் அந்த யோசனை அவருக்கு எப்படி வந்தது என்ற கேள்வி மட்டும் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. பயிற்சியில் யாரும் சொல்லித்தராத வேலை அது. கேட்கும்போதெல்லாம் சிரித்து மழுப்புவார். போன தை மாதம் விழுப்புரத்தில் ஒரு டீக்கடையில் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"யோசனையாவது ஒண்ணாவது! கை கிடுகிடுன்னு நடுங்கிச்சிண்ணே. எல்லாரும் என் கையையே பாத்துக்கினு இருந்தாங்க. மறைக்கணும்னு டின்ன எடுத்தேன். தட்டறப்பதான் உங்களுக்குக் கேக்குமேன்னு தோணிச்சி. அப்பறம் நிறுத்தவே பயம்."

அவர்மேல் இருந்த மரியாதை அன்றைக்கு இன்னும் கூடிவிட்டது.

கோலியனூரில் அவரது இறுதி ஊர்வலத்தில், சுடுகாடு வரை மேளம் முன்னால் போனது. அங்கே போனதும் நிறுத்தினார்கள். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. பாடையின் மூங்கிலில் விரலால் தட்டினேன். இரண்டு தட்டி ஒரு நிறுத்தம். என் கையும் நடுங்கியது.

போய் வாருங்கள், ஏழுமலை. நாங்கள் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டோம்.