பர்சிலாய்க்கு மூன்றாவது பன்றி வருஷம்

பர்சிலாய் டட்டில் வாழ்நாளில் மூன்று கல்யாணம் செய்துகொண்டார். மூன்று முறையும் ஊர் அவரைப் பன்றிக் காவலராக்கியது. மாசசூசெட்ஸில் எங்கள் ஆற்றோரத்து ஊர்களில் அது வழக்கம்தான். மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் மற்றப் பதவிகளுக்குப் பெரிய மனிதர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அவிழ்த்துவிட்ட பன்றிகளைப் பிடித்து மூக்கில் வளையம் மாட்டும் வேலை மட்டும் புது மாப்பிள்ளைக்கு. வளையம் இருந்தால் பன்றியால் மண்ணைக் கிளற முடியாது. ஆனால் மாட்டியவர்தான் யாருமில்லை. மாப்பிள்ளை சாராயக்கடையில் எல்லாருக்கும் ஆப்பிள் மது வாங்கி ஊற்றுவான், அத்தோடு சரி.

முதல் இரண்டு தடவை பர்சிலாயும் ஊற்றிவிட்டுச் சும்மா இருந்தவர்தான். அந்த மனைவியர் இருவரையும் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. விதவை டார்க்கஸை அவர் கட்டிக்கொண்டபோது அறுபது தாண்டியிருந்தது.

“நரைச்ச மாப்பிள்ளைக்குப் பன்றியைத் துரத்த மூச்சு இருக்குமா?” என்று கேப்டன் லெமுவேல் ஹாட்ச் கேட்க, சபைக் கூடமே சிரித்தது. ஊரின் ஒரே மாவு மில் ஹாட்சுடையது. அதிகப் பன்றிகளும் அவருடையவைதான்.

“டார்க்கஸையே துரத்திப் பிடிச்சவன், பன்றியை விட்டுடுவேனா?” என்றார் பர்சிலாய்.

வீட்டில் டார்க்கஸ் சிரிக்கவில்லை. ஆற்றங்கரையில் அவளுக்கு ஒரு சோளக்காடு இருந்தது. போன வருஷம் ஹாட்சின் தாய்ப்பன்றி குட்டிகளோடு புகுந்து அதைக் கிளறித் தள்ளியிருந்தது. இந்த வருஷமும் போனால் குளிர்காலத்துக்கு ரொட்டி இல்லை. காட்டை விற்க வேண்டியதுதான். வாங்குவதற்கு ஹாட்சே காத்திருந்தார்.

“கேலிக்குக் கொடுத்தா என்ன, பதவி பதவிதானே? எல்லார் முன்னாலயும் சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கீங்க. மாட்டுங்களேன் வளையத்தை!”

பர்சிலாய்க்குச் சுருக்கென்றது. அதே சத்தியத்தைச் செய்துவிட்டு இரண்டு வருஷம் தூங்கியவர் அல்லவா?

மறுநாளே கொல்லனிடம் வளையங்கள் அடிக்கச் சொன்னார். முதல் வளையம் சொந்தப் பன்றிக்கு, பிறகு தெருத்தெருவாக. ஹாட்சின் தாய்ப்பன்றியை மடக்கிய அன்று டார்க்கஸே பாவாடையோடு சேற்றில் இறங்கி, அதன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வீறிட்ட சத்தம் கேட்டு ஹாட்ச் ஓடிவந்தார்.

“அதைத் தொட்டேன்னா உன் சோளம் என் மில்லுல அரைபடாது, பார்த்துக்க!”

“அரைக்கிறதுக்கு முதல்ல சோளம் வேணுமே, கேப்டன்” என்று சொல்லிக் குறட்டால் வளையத்தை இறுக்கினார் பர்சிலாய்.

அந்த வருஷம் சோளம் ஆளுயரம் நின்றது. ஹாட்சும் சொன்ன சொல் தவறாமல் மில் கதவைச் சாத்தினார். பர்சிலாய் அசரவில்லை. மரக்கட்டையின் நடுவை நெருப்பால் குடைந்து உரலாக்கி, குளிர்காலம் முழுக்க இடித்தார். தோள்பட்டை வீங்கிப்போனது. இடித்த மாவில் டார்க்கஸ் சுட்ட ரொட்டி நறநறவென்றுதான் இருந்தது. அதைப்போல ருசி உலகத்திலேயே இல்லை என்று வழியில் போகிறவரை நிறுத்திச் சொன்னார். ஊர் மெல்லச் சிரிப்பதை நிறுத்தியது. ஊர்க்காரர்களுடைய காடுகளும் அல்லவா பிழைத்திருந்தன?

பிப்ரவரியில், ரொம்ப நாளாக மனைவி இல்லாமல் இருந்த ஹாட்ச், பாஸ்டனிலிருந்து ஒரு விதவையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

மார்ச் கூட்டத்தில் பன்றிக் காவலர் பதவி வந்ததும் பர்சிலாய் எழுந்தார்.

“நம்ம ஊர்ல புது மாப்பிள்ளை ஒருத்தர் இருக்காரே!”

கூடத்தில் அத்தனை கைகளும் உயர்ந்தன.

“நான் கேப்டன்யா!” என்று கத்தினார் ஹாட்ச்.

“மாப்பிள்ளையும்தானே!” என்றான் கொல்லன்.

வேறு வழியில்லாமல் ஹாட்ச் சத்தியம் செய்தார். பிறகு தாராளமாக எல்லாருக்கும் மது வாங்கி ஊற்றினார், அத்தோடு தொலைந்தது என்ற நிம்மதியில். எல்லாரும் குடித்து முடிக்கும்வரை பர்சிலாய் பொறுமையாக இருந்தார். பிறகு வளையம் இறுக்கும் குறட்டை எடுத்து ஹாட்சின் கையில் வைத்தார்.

“எங்க வீட்டுப் பன்றிக்குட்டிகள்ல இருந்தே ஆரம்பிச்சிடுங்க, மாப்பிள்ளை. திமிறுமேன்னு பயப்படாதீங்க. டார்க்கஸ் ஏறி உட்கார்ந்துக்குவா.”