தடைக்காலத்தில் தீட்டிய அட்டைகள்

எங்கள் ஊரில் பயத்துக்குக் கிழமை உண்டு. திங்கள், புதன், சனி. விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாட்கள் அவை. மீன்துறை ஆபீசில் டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் கிளம்பினால் மறுநாள் விடிந்ததும் துறைக்குத் திரும்பிவிட வேண்டும். அதுவரை ஜெகதாப்பட்டினத்துப் பெண்கள் சமைப்போம், துவைப்போம், சீரியல் பார்ப்போம், குழாயடியில் சண்டையும் போடுவோம். ஆனால் போன் அடித்தால் மட்டும் உடனே எடுக்க மாட்டோம். அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்போம். புயல் என்றால் முன்னாலேயே எச்சரிக்கை வந்துவிடும், படகுகள் போகாது. எல்லை தாண்டினார்கள் என்று இலங்கைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போவதை எந்தப் பாவி முன்கூட்டிச் சொல்கிறான்?

என் புருசன் படகுக்குச் சொந்தக்காரர் இல்லை. இன்னொருவர் படகில் வலை இழுக்கப் போகிறவர். அவர் போன நாளெல்லாம் கையைச் சும்மா வைத்திருக்க முடியாது. அப்படித்தான் கலர் பென்சிலை எடுத்தேன்.

என் மகள் கல்லூரி விடுதிக்குப் போகும்போது வீட்டில் போட்டுவிட்டுப் போன பெட்டி அது. கண்ணாடிபோல வழவழவென்று இருக்கும் ரப்பர் அச்சுகள், ஒரு கறுப்பு மைப்பெட்டி, ஒரு டப்பா கலர் பென்சில். ஆன்லைனில் வாங்கி ஒரு வாரம் விளையாடியதோடு சரி. குருவி, குடை, சூரியகாந்தி, ஆவி பறக்கும் டீ கப் என்று சின்னச் சின்ன படங்கள். அச்சை மையில் ஒற்றிப் பழுப்பு அட்டையில் அழுத்தினால் கோட்டுப்படம் விழும். அட்டையை அறந்தாங்கியில் ஒரு அச்சகத்தில் வாங்கினேன். பள்ளிப் பிள்ளைகள் நோட்டுக்குப் போடும் பிரவுன் ஷீட் நிறம்தான், ஆனால் நல்ல கனம்.

முதல் படத்தை நான் பாழாக்கினேன். சூரியகாந்திக்கு மஞ்சள் அடித்தால் சாணி நிறத்தில் வந்து நின்றது. பழுப்பு அட்டை கலரையெல்லாம் குடித்துவிடும் என்று எனக்கு எப்படித் தெரியும்? "என்ன, பூவுக்கு வயித்தால போகுதா?" என்று கேட்டார் என் புருசன். பென்சிலை அவர் மேல் விட்டெறிந்தேன். அப்புறம் மகள்தான் போனில் சொன்னாள், முதலில் வெள்ளைப் பென்சிலால் உள்ளே முழுக்கத் தேய்க்க வேண்டும், அதன் மேல்தான் கலர் நிற்கும் என்று. வெள்ளையை அழுத்தி அடித்து, மேலே மஞ்சள், ஓரத்தில் கொஞ்சம் ஆரஞ்சு, திரும்பவும் மஞ்சள். ஒரு அட்டைக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். எனக்கு வேண்டியதும் அதுதானே. கோட்டுக்கு வெளியே போகாமல் அடிக்கிற அவதியில் கடல் கொஞ்சம் மறந்துபோகும்.

அந்த அட்டைகள் ஊருக்குள் போனது பிறகு நடந்தது. தெருக்கோடி வீட்டுக்காரரைப் படகோடு பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் பக்கம் அப்படி ஒரு வீட்டுக்குப் போனால் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியாது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் பயமுறுத்திவிட்டுப் போவார்கள். போன தடவை பிடிபட்டவன் எத்தனை மாதம் கிடந்தான், எந்தப் படகு திரும்பவே இல்லை என்று வரிசையாகச் சொல்வார்கள். எனக்கு அந்த வாய் வேண்டாம் என்று தோன்றியது. குருவி போட்ட அட்டை ஒன்றில் "நல்லபடியா வந்து சேருவாங்க" என்று ஜெல் பேனாவால் எழுதிக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் சொருகி வைத்தாள். அதற்கப்புறம் யார் வீட்டில் பிடிபட்டாலும் என் அட்டை போய்விடும்.

இதில் ஒரு சங்கடம் வந்தது. ஒரே நாளில் பல வீட்டு ஆட்களைப் பிடித்துவிட்டார்கள். நான் ஒருத்தி உட்கார்ந்து எத்தனை அட்டைதான் அடிப்பேன்? அட்டை கிடைக்காத வீட்டுப் பெண் ஒருத்தி ரேஷன் கடையில் வைத்துக் கேட்டேவிட்டாள், "ஏக்கா, எங்க வீட்டு ஆளு வர வேணாமா?" என்று.

அதனால் அடுத்த தடைக்காலம் வந்ததும் ஒரு வேலை செய்தேன். மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று படகுகளை இரண்டு மாதம் நிறுத்தி வைப்பார்கள் அல்லவா, அதுதான் தடைக்காலம். ஆண்கள் எல்லாம் வீட்டில் இருப்பார்கள். வலை கிழிசல் பார்ப்பார்கள், படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், நாம் கூட்டுகிற இடத்திலேயே காலை நீட்டிப் படுத்துக்கொண்டு நம் உயிரை வாங்குவார்கள். ஆனாலும் பயம் இல்லாத காலம். இவரைத் திட்டிக்கொண்டே நான் அட்டை அடித்தேன். அவசரமே இல்லை. குருவியின் வயிற்றுக்கு மூன்று தடவை கலர் ஏற்றினேன். குடைக்குச் சிவப்பும் நீலமும் மாற்றி மாற்றிப் போட்டேன். எல்லாவற்றிலும் "நல்லபடியா வந்து சேருவாங்க" என்று எழுதியும் முடித்துவிட்டேன். ஒரு கட்டு சேர்ந்தது. ரப்பர் பேண்டு போட்டு டிவிக்குப் பக்கத்துத் தட்டில் வைத்தேன். அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தடை முடிந்தது. முதல் சனிக்கிழமை துறையே திருவிழாபோல இருந்தது. ஐஸ் ஏற்றினார்கள், சூடம் கொளுத்தினார்கள், படகுகள் கிளம்பின. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா போனும் சார்ஜரும் கையுமாக வந்தாள். எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். அவள் புருசனை என் புருசன் அண்ணன் என்பார், ஆனால் இருவரும் வேறு வேறு படகு. "எங்க வீட்டு பிளக்கு பொகஞ்சிருச்சுடி. இன்னக்கிப் போயி போனு செத்துக் கெடந்தா என்னத்துக்கு ஆகுறது" என்று சொல்லிக்கொண்டே டிவித் தட்டுக்குப் பக்கத்தில் சார்ஜரைச் சொருகினாள். அட்டைக்கட்டு அவள் கண்ணில் பட்டது. ரப்பர் பேண்டைக் கழற்றி ஒன்றைப் படித்தாள். அடுத்ததைப் படித்தாள். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"இது யாருக்குடி?"

"யாருக்கும் இல்லக்கா. சும்மா, இருக்கட்டும்னு."

"இருக்கட்டுமா? படகு கெளம்பி இன்னும் கரை கண்ண விட்டு மறையல. அதுக்குள்ள வந்து சேருவாங்கன்னு எழுதி அடுக்கி வச்சிருக்க? எந்தெந்த வீட்டுக்குன்னும் முடிவு பண்ணிட்டியா?"

"அய்யய்யோ, என்னக்கா பேசுற!"

"உசுரோட போன ஆம்பளைகளுக்கு வீட்டுல பாடை கட்டி வச்சுக்கிட்டு, என்னக்கா பேசுறங்கிற!"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "வாயக் கழுவுக்கா மொதல்ல! எம் புருசன் மட்டும் என்ன, ஆஃபீஸ்லயா ஒக்காந்திருக்காரு? அவரும் அங்கிட்டுத்தான் போயிருக்காரு!" என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. அவள் சொன்னது எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை? தாலி கட்டிய எவளாவது இப்படி ஒரு அட்டைக்கட்டை எழுதி வீட்டில் வைத்துக்கொண்டு புருசனைக் கடலுக்கு அனுப்புவாளா?

அக்கா என்ன நினைத்தாளோ, அட்டைக்கட்டை அப்படியே தூக்கி அடுப்படி வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மில் போட்டுவிட்டாள்.

தொப்பென்று ஒரு சத்தம்.

ஆண்கள் தண்ணீரில் இருக்கிறார்கள். நல்லபடியாக வந்து சேருவார்கள் என்று எழுதியதைத் தண்ணீரில் போட்டுவிட்டோம். இதை நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் அவள் கண்ணில் நான் அதைப் பார்த்தேன். "ஆத்தா!" என்று அலறிக்கொண்டு அவள்தான் முதலில் டிரம்முக்குள் கையை விட்டாள். இரண்டு பேரும் முழங்கை நனைய அள்ளி வெளியே போட்டோம். தரையில் பரப்பி ஃபேனை வேகமாக வைத்தோம். அக்கா தன் சேலைத் தலைப்பால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கலர் பென்சிலில் இருக்கும் மெழுகு தண்ணீரை அண்டவிடவில்லை, குருவியும் குடையும் அப்படியே இருந்தன. ஜெல் பேனாவில் எழுதியது மட்டும் கரைந்து நீலமாக வழிந்துவிட்டது. எந்த அட்டையிலும் ஒரு எழுத்து மிச்சமில்லை.

"இந்த அச்சு மை கரையலயே, எழுத்த மட்டும் ஏன்டி கரையிற பேனாவுல எழுதுன?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அன்று முழுக்க அவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. போன் சார்ஜ் ஏறி முடிந்தும் கழற்றவில்லை. இருவரும் ஈர அட்டைகளைத் தாண்டித் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். அவற்றை என்ன செய்வது என்றும் புரியவில்லை. எரிக்கவும் பயம், குப்பையில் போடவும் பயம்.

ஞாயிறு விடிந்ததும் துறைக்கு ஓடினோம். படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஏலக்கூடத்துப் பக்கம் ஒருவர் கையில் இருந்த போனில் வாய்ஸ் மெசேஜ் ஓடியது. நம்ம ஊர்ப் படகு ஒன்றைப் பிடித்துவிட்டார்கள், ஆட்களை இலங்கைப் பக்கம் காங்கேசன்துறைக்குக் கொண்டுபோகிறார்கள் என்றது அந்தக் குரல். கடைசியில்தான் படகின் பெயரைச் சொன்னது. என் புருசன் போன படகு இல்லை.

"அப்பாடா!" என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது அவள் புருசன் போன படகு.

அவள் என் கையை விட்டாள். கோபமாகக்கூட இல்லை. ஏதோ சூடு பட்டதைப்போல விட்டாள். யாரோ இரண்டு பெண்கள் அவளைத் தாங்கி அழைத்துக்கொண்டு போனார்கள்.

என் புருசன் ஒரு மணி நேரம் கழித்து வந்து இறங்கினார். வீட்டுக்கு வந்து குளிக்காமல் உட்கார்ந்தார். இலங்கை நேவி லைட் தெரிந்ததும் வலையை அறுத்துவிட்டு ஓடி வந்தார்களாம். "அண்ணன் படகு எங்களுக்குப் பின்னால வந்துச்சு. வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. அப்பறம் பாத்தா காணாம்" என்றார். சோறு போட்டேன், பிசைந்துகொண்டே இருந்தார். எனக்கு அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்கும்போது அதை எப்படிச் செய்வது? அங்கே போகவும் தைரியம் வரவில்லை. அப்பாடா என்று சொன்ன வாயோடு என்னவென்று போய் நிற்பேன்?

மதியத்துக்கு மேல் அக்காவே வந்தாள். தலை கலைந்திருந்தது, முகத்தைக் கழுவியிருந்தாள். என் புருசன் எழுந்தார். "மதினி..." என்றார். துண்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

"வீடெல்லாம் ஆளுங்க. ஆளுக்கொரு மாசக் கணக்கு சொல்றாங்க. படகு இனி வராதாம், இப்பெல்லாம் ஜெயில்ல கூடுதலா நாளு போடுறாங்களாம். காதுல ஈயத்த ஊத்துறாங்கடி" என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். பிறகு, "எனக்கு ஒரு கார்டு போடு" என்றாள்.

"அக்கா, நேத்து..."

"அது எதுவும் வேணாம். புதுசா எடு. எனக்குன்னு போடு."

புது அட்டை எடுத்தேன். அச்சுகளை அவள் முன்னால் வைத்தேன். குருவியைத் தொடவே இல்லை. டீ கப்பை எடுத்தாள். "அந்த ஆளுக்கு எந்திரிச்ச ஒடனே டீ வேணும். இல்லாட்டி தல வலிக்கும். அங்க குடுப்பாங்களா?"

"குடுப்பாங்கக்கா" என்றேன். எனக்கென்ன தெரியும்?

அச்சை அழுத்தினேன். கப்பின் ஒரு ஓரம் மங்கலாக விழுந்தது. பரவாயில்லை என்றாள். வெள்ளைப் பென்சிலை எடுத்து உள்ளே தேய்க்க ஆரம்பித்தேன். அவள் என் தோளோடு ஒட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"நான் தண்ணியில போட்டதுனாலயா?"

"கிறுக்கா ஒனக்கு? அப்படின்னா எங்க வீட்டு ஆளும்ல போயிருக்கணும்."

"அப்ப நீ முன்னாடியே எழுதி வச்சதுனாலயா?"

விடிந்ததிலிருந்து நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் துப்பாக்கியோடு வந்து பிடித்தார்கள், அதற்கு ஒரு அட்டை என்ன செய்யும் என்று புத்திக்குத் தெரிகிறது. அடிவயிற்றுக்குத் தெரியவில்லை. கப்புக்கு நீலம் அடித்தேன். சாஸருக்குச் சிவப்புக் கோடு போட்டேன். உள்ளே இருக்கிற டீக்குக் கலரே வேண்டாம், அட்டையின் நிறமே டீ நிறம்தான். ஆவிக்கு மட்டும் வெள்ளை. கை பழகிவிட்டதால் எல்லாம் சீக்கிரம் சீக்கிரமாக முடிந்துகொண்டே வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சத்தமாக ஒரு பழைய கைதுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆவியின் கடைசிக் கோட்டில் பென்சிலை வைத்தேன். அது முடிந்தால் அக்கா எழுந்து அங்கே போக வேண்டும்.

அக்கா என் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கினாள். முனையைத் தரையில் குத்தி ஒடித்தாள்.

"மொன போச்சு. சீவு" என்றாள். "மெதுவாச் சீவு."