நல்ல செவப்பு

பக்கத்துக் கட்டிலில் இருந்தவரை வார்டில் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டோம். பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருந்தவர். ஒடிசலான ஆள், மருதாணி பூசிய தாடி. போர்வையோ ஆரஞ்சுத் தோலோ, எது கையில் கிடைத்தாலும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துத் தரம் சொல்வார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வந்தது.

வெந்நீர் கொட்டி அவருக்குக் கை வெந்திருந்தது, எனக்குக் கால். இருவருக்கும் எங்கள் தொடையிலிருந்தே தோல் எடுத்து ஒட்டியிருந்தார்கள். அவர் சம்சாரம் தன் தோலைத் தருவதாக அழுதபோது, "அடுத்தவங்க தோலை உடம்பு கொஞ்ச நாள்ல தள்ளிரும்மா" என்று டாக்டர் மறுத்துவிட்டார். சொந்தத் தோலும் சில சமயம் பிடிக்காமல் கருத்து உதிரும் என்பதுதான் எங்கள் பயம்.

அவர் கையில் போட்டிருந்த கட்டை முதலில் அவிழ்த்தார்கள். பார்த்ததும் பாய்க்கு முகம் வெளிறிப்போனது.

"செவந்து போச்சே டாக்டர். உப்புப் போட்ட தோல் செவந்தா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். மண்டியில தூக்கி வீசிருவோம்."

டாக்டர் சிரித்துவிட்டார். "ரத்தம் ஓடுது பாய். தோல் பிடிச்சிருச்சு."

பாய் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "இம்புட்டு வருசமா செத்த தோலை மட்டுந்தான் பாத்திருக்கேன் தம்பி" என்றார்.

மறுநாள் என் கட்டை அவிழ்த்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். டாக்டர் வாய் திறக்குமுன் பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"கண்ணத் தெறந்து பாரு தம்பி. நல்ல செவப்பு."