பிந்தி வரும் குரல்: கொட்டாஞ்சேனைக்குள் ஒரு பழைய வெள்ளவத்தை

தைப்பொங்கல் கழிந்த கிழமை கொழும்புக்குப் போய் வந்தேன். காரணம் கொஞ்சம் வித்தியாசமானது. தொண்ணூறுகளில் வெள்ளவத்தையில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்தேன். கைத்தொலைபேசி பரவாத அந்தக் காலத்தில், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளோடு கதைக்கச் சனம் அங்கேதான் வரும். இப்போது தொலைக்காட்சிப் படம் எடுக்கும் நிரோஷன் என்ற இளம் இயக்குநர் அப்படியொரு கடையை செட் போட்டுவிட்டு, "அக்கா, பிழை இருந்தா நீங்கதான் சொல்லோணும்" என்று அழைத்திருந்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து சொகுசு பஸ், 2,800 ரூபாய். ஏசிக் குளிர் கூடுதல், போர்வை கொண்டுபோங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு வெள்ளவத்தையில் இறங்கி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, நான் வேலை செய்த கடையைத் தேடிப் போனேன். அங்கே எட்டு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. உப்புக் காற்றும் ரயில் சத்தமும் மட்டும் பழையபடி. படத்துக்கு வேண்டிய வெள்ளவத்தை வெள்ளவத்தையில் இல்லாததால்தான் கொழும்பின் வடக்கிலுள்ள கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய கடை வரிசையைப் பிடித்திருக்கிறார்கள்.

கோட்டை நிலையம் வரை ரயிலில் போனேன். இடப்பக்கம் நின்றால் வழி முழுக்கக் கடல். அங்கிருந்து முச்சக்கர வண்டிக்கு 400 ரூபாய். ஓட்டுநர் மாளிகாவத்தைக்காரர். "ஷூட்டிங் எடமா? நேத்து நானே நெசக் கடைன்னு நெனச்சு போனுக்கு ரீலோட் போட உள்ள போய்ட்டேன்!" என்று சிரித்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடிக் கதவு போட்ட கூண்டுகள், நிமிடம் காட்டும் பெட்டி, நாடுவாரிக் கட்டண அட்டை. உள்ளே போய் ஒவ்வொரு கூண்டாகத் திறந்து பார்த்தேன். ஆனாலும் பிழை பிடித்தேன்: "போன் சிவப்பு நிறமெல்லோ?" நிரோஷன் அந்தக் காலப் புகைப்படங்களைக் காட்டினார். போன்கள் எல்லாமே வெளிர்மஞ்சள். ஒரு படத்தில் என் முதலாளியும் நிற்கிறார். இத்தனை வருடம் நான் நினைவில் வைத்திருந்த சிவப்புத் தொலைபேசி எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. இனி நான் சொல்வதை யார் நம்புவார்கள் என்று கூசிப்போனேன்.

பிறகு ஒத்திகை. லண்டனிலுள்ள மகனோடு ஒரு தாய் கதைக்கும் காட்சி. நடிப்பவர் கொட்டாஞ்சேனை மேடை நடிகை பிலோமினா அக்கா. இணைப்பில்லாத தொலைபேசியில் தடங்கலில்லாமல் வசனம் பேசி அழுதார். எனக்கு ஒட்டவில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அப்ப சத்தம் போய்ச்சேரக் கொஞ்சம் பிந்தும். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில கதைப்பினம், பிறகு ரெண்டு பேரும் நிப்பாட்டிப்போட்டு நிப்பினம்."

"அத எடிட்ல செய்யலாம் அக்கா," என்றார் நிரோஷன்.

பிலோமினா அக்கா விடவில்லை. "தம்பி, எனக்கு மறுபக்கம் ஒராள் வேணும். செத்த போனோட எவ்வளவு நேரம் அழுறது?"

பின்னறையில் ஒரு தொலைபேசியை இணைத்து என்னை மகனாக்கினார்கள். மனதுக்குள் "ஒன்று" என்று எண்ணிவிட்டே பதில் சொல்லவேண்டும்.

"தம்பி, சாப்பிட்டனியே?"

"...ஓம் அம்மா. சாப்பிட்டன்."

"அங்க குளிரே?" "அப்பாக்கு எப்பிடி?" அவர் கேள்வியும் என் கேள்வியும் மோதின.

"நீ சொல்லு."

"...இல்லை, நீங்க சொல்லுங்கோ."

இருவருமே சொல்லவில்லை. அவர் மூச்சு மட்டும் கேட்டது. அந்தக் கடையில் நான் ஒரு பக்கத்தைத்தான் பார்த்திருந்தேன். கண்ணாடிக்குள் நிற்கும் தாய்மாரின் முதுகு. மற்றப் பக்கத்தில் நின்றது இதுதான் முதல் தடவை. காலையிலிருந்து தேத்தண்ணி மட்டுமே குடித்த நான் "சாப்பிட்டன்" என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டேன். எத்தனை பிள்ளைகள் அப்படிச் சொல்லியிருப்பார்கள்!

படம்பிடித்தபோது பிலோமினா அக்கா கூண்டுக்குள் அழவேயில்லை. வெளியே வந்த பிறகுதான் கண்ணைத் துடைத்தார். கூண்டுக்கு வரிசையில் நின்ற துணை நடிகர்கள், யாரும் சொல்லாமலே விலகி வழிவிட்டார்கள். நிரோஷன் "கட்" சொல்ல மறந்துபோனார்.

பழைய கொழும்பைப் பார்க்க விரும்பினால் கொட்டாஞ்சேனைக்குக் காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் நடக்க முடியாது. படப்பிடிப்புக்கு ஆலோசனை சொல்லக் கூப்பிட்டால் நிறங்களைப் பற்றி வாய் திறவாதீர்கள், யார் எப்படிக் கதைத்தார்கள் என்பதைச் சொல்லுங்கள்.

புறப்படும்போது பிலோமினா அக்கா கேட்டார்: "உங்கட அம்மா இருக்கிறாவா?"

"ஓம். யாழ்ப்பாணத்தில, என்னோடதான்."

"அப்ப ஒரு கோல் எடுங்க."

எடுத்தேன். பஸ் எத்தனை மணிக்கு என்று அம்மா கேட்டா. நான் சொல்லி முடிக்கும் முன்பே அடுத்த கேள்வி வந்துவிட்டது.